மில்லின் உள்ளே வைத்த பொட்டு

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு பாதியோடு சரி. அதற்குப் பிறகு லாரி கிளீனர், ரோட்டுக்குத் தார் போடுகிற கூட்டத்தில் ஓர் ஆள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவன், இரண்டு கோடை செங்கல் சூளை என்று இருபத்தைந்து வருஷம் போய்விட்டது. எங்கேயும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் இந்த ஊர் போதும் என்று தோன்றிவிடும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு வந்ததும் அப்படித்தான். நந்தனத்தில் ஒரு கட்டட வேலை முடிந்து, அடுத்து எங்கே என்று தெரியாமல் டீக்கடையில் நின்றபோது ஒருவன், "பவுடர் கம்பெனில ஆள் கேக்குறாங்க, தங்க எடம் கீது" என்றான். வாக்கியத்தின் இரண்டாவது பாதி எனக்குப் போதுமாக இருந்தது.

தங்க இடம் என்பது மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலை. பவுடர் கம்பெனி என்பது களிமண் அரைக்கும் ஷெட். வெள்ளைக் களிமண் லாரியில் கட்டி கட்டியாக வரும். அதை உடைத்து, உலர்த்தி, அரைத்துக் கொடுப்பது வேலை. பெயிண்டுக்குப் போகும், காகிதத்துக்குப் போகும், மாத்திரைக்குப் போகும், முகத்துக்குப் பூசுகிற பவுடருக்கும் போகும். ஒரு நாளைக்கு மூன்று டன். அரைப்பது என்றால் மாவு மில் மாதிரி கல்லும் கல்லும் உரசும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இங்கே கல்லே கிடையாது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பானை. அதன் அடியில் மூன்று மூக்கு வழியாக அழுத்திய காற்று பீறிட்டு வரும். அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட மண், ஒன்றோடொன்று மோதி, தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். பானையின் மேல் பகுதியில் இருபத்து நான்கு தகடு வைத்த ஒரு சக்கரம் சுற்றும். நன்றாக அரைபட்டது மட்டும் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே போக முடியும். மற்றதைச் சக்கரம் அடித்துத் திரும்பக் கீழே தள்ளிவிடும். கல்லுக்குப் பதில் காற்று, சல்லடைக்குப் பதில் அந்தச் சக்கரம்.

வெளியே வருகிற பவுடரை இரண்டு மைக்ரான் என்பார்கள்.

"ரெண்டு மைக்ரான்னா எவ்வளவு பாய்?" என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

பாய்தான் மில்லை ஓட்டுகிறவர். ராயப்பேட்டைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

"கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது. மேடத்துக்கு மட்டும் தெரியும்" என்றார்.

கைக்குத் தெரியாது என்பது நிஜம். மூட்டைக்குள் கையை விட்டால் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். நெருடல் ஒன்றும் தட்டாது. பவுடருக்குள் அவ்வளவு காற்று இருக்கும். நிரப்பியவுடன் மூட்டை உப்பிக்கொண்டு நிற்கும், மறுநாள் பார்த்தால் பாதியாக இறங்கியிருக்கும். அதனால் மூட்டை கட்டுகிற அக்கா ஒவ்வொரு மூட்டையையும் கட்டிப்பிடித்து, நெஞ்சால் அழுத்திக் காற்றை வெளியேற்றித்தான் தைப்பார். மயிலாப்பூருக்குப் பின்னால் கடற்கரைக் குப்பத்தில் வீடு. அங்கே எல்லாரும் மீன் விற்கப் போகிறார்கள், தனக்கு அந்த வாடை ஆகாது என்பதால் மண் வேலைக்கு வந்ததாகச் சொல்வார். "மூணு வருசமா காத்த கட்டிப்புடிச்சிக்கினு கீறேன், வூட்டுக்காரரு ஒரு வார்த்த கேக்கல" என்பார்.

மூட்டை அறையில் ஃபேன் போட முடியாது, பவுடர் பறந்துவிடும். மே மாதம் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. முகமூடி கொடுத்திருந்தார்கள், அதற்குள் வேர்வை தேங்கும், கழற்றினால் இருமல் வரும். இரண்டில் எது தேவலை என்று ஒவ்வொருவரும் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். சாயங்காலம் தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. குளிக்காமல் கிண்டிக்குப் பஸ் ஏறினால் கண்டக்டர், "மேக்கப் அதிகம் சார்" என்பார்.

பாயைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, மில் வந்த நாளிலிருந்து அதை அவர்தான் ஓட்டினார். பேனலில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்க்காமல், காதில் மாட்டுகிற மூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். மண் அதிகமாகிவிட்டதா, மூக்கு அடைத்திருக்கிறதா, சக்கரம் தேய்கிறதா எல்லாம் சத்தத்திலேயே தெரியும் என்பார். அவர் இருக்கும் சந்தில் அவருக்கு 'மில் பாய்' என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. இரண்டாவது, வெற்றிலை. ஷெட்டுக்குள் வெற்றிலை கூடாது. கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதியிருந்தது: வெற்றிலை, கலர் பேனா, செங்கல் துண்டு, துருப்பிடித்த ஆணி, கலர் சாக்குப்பை, எதுவும் உள்ளே வரக்கூடாது. பாய் அந்த அட்டையைக் கடக்கும்போது வாயை மூடிக்கொண்டு கடப்பார். வெற்றிலை இடது கன்னத்தில் ஒதுங்கியிருக்கும்.

அட்டைக்குக் காரணம் உண்டு. சாதாரண மாவில் ஒரு சிவப்புத் துணுக்கு விழுந்தால் அது ஒரு புள்ளி, விரலால் எடுத்துப் போட்டுவிடலாம். இந்த மில்லுக்குள் விழுந்தால் அதையும் இரண்டு மைக்ரானுக்கு அரைத்து மூட்டை முழுக்கச் சமமாகப் பங்கு போட்டுவிடும். அப்புறம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, மொத்தமும் நிறம் மாறியிருக்கும். வெள்ளைதான் அங்கே சரக்கு. வெள்ளை போனால் வெறும் மண்.

அந்த அட்டையில் குங்குமம் என்று எழுதியிருக்கவில்லை. எழுத யாருக்கு மனசு வரும்?

நான் வந்து அது இரண்டாவது ஆயுத பூஜை. அன்று மத்தியானம் மேடம் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். முதலாளி அவர்தான். அறுபதை நெருங்குகிறவர், எஞ்சினியர், கைத்தறிப் புடவை, காலில் பாதுகாப்பு ஷூ. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைத் திட்டிக்கொண்டே பொரி, சுண்டல் தூக்கு, சந்தனம், குங்குமம், ஒரு பூசணிக்காய் எல்லாவற்றையும் இறக்கினார். பாய் ஓடிப்போய் சுண்டல் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். "பூஜ நீங்க பண்ணுங்க, பொறுப்பு நான் ஏத்துக்கறேன்" என்றார்.

இந்தத் தடவை மேடம் என்னைக் கூப்பிட்டு சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். "எல்லாத்துக்கும் வையுங்கோ. ஒண்ணு விடாம."

ஒன்று விடாமல் வைத்தேன். கம்ப்ரஸருக்கு, தராசுக்கு, மூட்டை தைக்கிற மெஷினுக்கு, தீயணைக்கிற சிலிண்டருக்கு, மேடத்தின் லேப்டாப்புக்கு. பாயின் பைக்குக்கு வைக்கும்போது, "மூணா வை நைனா, பிரேக் புடிக்க மாட்டேங்குது" என்றார். கடைசியில் மில். வெளியே பெரியதாக ஒன்று வைத்தேன். பிறகு யோசனை வந்தது. நான் கிளீனராக இருந்த லாரியில் டிரைவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். முன்னால் வைக்கிற பொட்டு ஊருக்கு, எஞ்சினுக்கு வைப்பதுதான் வண்டிக்கு என்று பானெட்டைத் தூக்கச் சொல்வார். அந்த வண்டி ஒரு தடவையும் நடுவழியில் நின்றதில்லை. இங்கே இரும்புப் பானைக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்? வேலை செய்வது உள்ளே இருக்கிற சக்கரம் அல்லவா?

சக்கரத்தைப் பார்க்க ஒரு சின்னக் கதவு உண்டு. ஆறு நட்டு. பூஜைக்காக முதல் நாள்தான் பாய் அதைத் திறந்து துடைத்துப் பளபளவென்று மூடியிருந்தார். எல்லாரும் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார்கள். ஏணியில் ஏறிக் கதவைத் திறந்தேன். கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, இருபத்து நான்கு தகட்டுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். காற்றில் உதிர்ந்துவிடக்கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை நடுத்தண்டில் வழித்துவிட்டு, ஆறு நட்டையும் இறுக்கிவிட்டு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு வேலையை முழுசாகச் செய்த திருப்தி எனக்கு இருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் ஆரம்பிக்க வேண்டும் என்று மேடம் ஒரு முக்கியமான சரக்கை அன்றைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். தியாகராய நகரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு முகப்பவுடர் கம்பெனிக்கு மாதிரிச் சரக்காக எட்டு மூட்டை. அது தேறினால் மாதாமாதம் சரக்கு போகும். அடுத்த புதன்கிழமை அவர்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

பாய் வழக்கம்போல முதலில் பத்துக் கிலோ ஓட்டி, உள்ளே இருக்கிற தூசியைக் கழித்தார். அது வெள்ளையாகத்தான் வந்தது. சந்தனம் அப்போது ஈரமாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். பிறகு எட்டு மூட்டையும் ஓட்டினார். காற்றுச் சூட்டில் சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு செதில் செதிலாக உதிர்ந்து, மூக்குக்கு முன்னால் விழுந்து, இரண்டு மைக்ரானுக்கு அரைபட்டிருக்கிறது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அக்காதான் முதலில் பார்த்தார். மூன்றாவது மூட்டையைக் கட்டிப்பிடித்தவர் அப்படியே நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மேடம், இங்க வாங்களேன். மண்ணு வெக்கப்படுது."

மேடம் வந்தார். ஒரு கண்ணாடித் தகட்டில் பழைய நல்ல சரக்கு ஒரு சிட்டிகை, பக்கத்தில் இது ஒரு சிட்டிகை. கத்தியால் இரண்டையும் சேர்த்து ஓர் இழுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எண்ணெய் பட்டால் ஒளிந்திருக்கிற நிறம் வெளியே வந்துவிடும். வந்தது. நல்ல இளஞ்சிவப்பு.

"இதுல ஏது சேப்பு?" என்று கேட்டுக்கொண்டே மேடம் திரும்பினார். எல்லாரும் திரும்பினோம். எதிரில் பாய். இடது கன்னம் உப்பியிருந்தது.

அவர் உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் வெற்றிலை தெரியும். அதனால் ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு வெளியே ஓடினார். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் தீர்ப்பு முடிந்திருந்தது.

"மேடம், வெத்தல எச்சி பட்டா மண்ணு கலராவாது, உருண்டையாவும்" என்றார் பாய். "ஈரம் மேடம். ஈரம் பட்டா மூக்கு அடைச்சிக்கும், சவுண்டு மாறிடும். எனக்குத் தெரியாம எப்பிடி?"

யோசித்துப் பார்த்தால் அது சரியான வாதம். அந்த ஷெட்டில் ஈரத்தைப் பற்றி அவரைவிட யாருக்கும் தெரியாது. ஆனால் சிவந்த உதட்டோடு ஒருவர் சொல்லும்போது சரியான வாதமும் எடுபடாது.

"பத்து வருஷமா சொல்லிண்டிருக்கேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பாய்க்கு வாய் சோதனை. காலையில் வாசலில் அக்கா நிற்பார். கையில் செல்போன் டார்ச். மேடத்தின் உத்தரவு.

"ஆ காட்டு பாய். இன்னும் பெருசா. ஐய, நாஸ்டா இன்னா, வடகறியா?"

"அக்கா, சீக்கிரம் பாரு."

"இரு. ஓரத்துல ஒரு பல்லு ஆடுது. அத்த மில்லுல போட்டுத் தொலச்சிடாத, எட்டு மூட்டைக்கும் பல்லு வந்துரும்."

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். "அக்கா, நாக்குக்கு அடியில பாருங்க" என்று எடுத்தும் கொடுத்தேன். பாய் வெற்றிலையை மொத்தமாக விட்டுவிட்டார். விட்டவர் கிராம்பை மென்றுகொண்டு யாரிடமும் சிரிக்காமல் மில்லைச் சுற்றி நடந்தார். வந்த மண்ணை ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்தார், எல்லாம் வெள்ளை. சக்கரத்தைத் திறக்கவில்லை. பூஜைக்கு முன்னால் தானே துடைத்து மூடியதைத் திறப்பதற்கு அவருக்குக் காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி எட்டு மூட்டை ஓட்டினார்கள். அன்று காலை சோதனையில் பாயின் வாய் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. அப்படியும் எண்ணெய்ச் சொட்டு விட்டபோது நிறம் வந்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் வந்தது.

"வாய்ல ஒண்ணும் கெடையாது, இன்னும் வெக்கப்படுதே" என்று அக்கா குழம்பினார். "யார நெனச்சிக்கினு கீது இந்த மண்ணு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சந்தனக் கிண்ணம் ஞாபகம் வந்தது. கிண்ணத்தில் மிச்சத்தை வழித்த ஞாபகமும் வந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கினேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மேடம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"நீங்க வெத்தல போடறதுண்டோ?"

"இல்லை மேடம்."

"புகையிலை?"

"இல்லை மேடம்."

"போறும். திங்கக்கிழமைலேர்ந்து மில்லை நீங்க பார்த்துக்கோங்கோ. பாய் ஒப்படைச்சுடுவார்."

"எனக்கு அதுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கறது எதுவும் படிக்க வராது மேடம்."

"நம்பர் தெரியுமோன்னோ? அது போறும். வாய் சுத்தமா இருக்கே, அதான் முக்கியம்."

என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. அதற்கு நான் செய்த காரியம் இருபத்து நான்கு பொட்டு.

பாயைத் திருவான்மியூர் தாண்டி இருந்த மண் கிடங்குக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே வேலை என்பது லாரி வந்தால் கேட்டைத் திறப்பது, போனால் மூடுவது. நான் கீழே இறங்கியபோது பாய் மில்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை, கேட்க ஒன்றும் இல்லை. "சந்துல இனிமே கேட் பாய்னு கூப்புடுவானுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் பழக்கமானதைச் செய்தேன். பையைக் கட்டிக்கொண்டு திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புதுச்சேரிப் பக்கம் போகிற வண்டி ஏதாவது ஒன்றில் ஏறிவிடுவது என்று திட்டம். நான் போய்விட்டால் மில்லை ஓட்ட ஆள் இருக்காது, பாயைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும், ஆக நான் ஓடுவது பாய்க்கு நல்லது என்றுகூட ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மூன்று பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. நான்காவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பையைத் துழாவினேன். என் நல்ல சட்டை இல்லை. கம்ப்ரஸர் அறையில் சூட்டுக்குச் சீக்கிரம் காயும் என்று துவைத்துப் போட்டிருந்தேன். இருப்பதே இரண்டு சட்டை. ஒன்றை விட்டுவிட்டுப் போனால் போகிற ஊரில் வேலை கேட்க எதைப் போட்டுக்கொள்வது? திரும்பி வந்தேன். வந்து சட்டையை எடுத்து மடித்தபோது இருட்டிவிட்டது, தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஒப்படைப்பு. அந்த ஷெட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. மில்லை விட்டுப் போகிறவர், வருகிறவருக்கு ஒவ்வொரு பாகத்தையும் திறந்து காட்டித்தான் கொடுக்க வேண்டும். நான் விடும்போது இது இப்படி இருந்தது, பார்த்துக்கொள் என்று பொருள். பிற்பாடு யாரும் யாரையும் சொல்லக்கூடாது.

"வாங்க ஆபரேட்டர் சார்" என்றார் பாய். "இது சுவிச்சு. சேப்பு நிறுத்தறதுக்கு, பச்ச ஓடறதுக்கு. சேப்புன்னா இன்னான்னு என்னயக் கேக்காத, அது என் வாய்லேந்து வந்ததுன்னு சொல்லிடுவாங்க."

மூன்று மூக்கையும் காட்டினார். வடிகட்டிப் பைகளைக் காட்டினார். மேடம் சொன்ன வேலை என்று எதையும் குறைக்கவில்லை. எந்தச் சத்தத்துக்கு எதைத் தொடவேண்டும் என்று வாயாலேயே விசிலடித்துக் காட்டினார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். முதல் நட்டு. இரண்டாவது. மூன்றாவது.

"பாய்" என்றேன்.

"இன்னா, அதுக்குள்ள டவுட்டா?"

"உள்ள பொட்டு இருக்கும்."

ஸ்பேனர் நின்றது.

"இன்னா இருக்கும்?"

"ஆயுத பூஜைக்கு வெச்சேன். சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு."

அவர் மீதி மூன்று நட்டையும் கழற்றினார். கதவைத் திறந்தார். தகடுகளின் வெளி ஓரம் எல்லாம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. அடிப்பக்கத்து இடுக்குகளில் மட்டும் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுத்தண்டில் அரை விரல் கனத்துக்கு.

"எத்தினி வெச்ச?"

"இருபத்து நாலு."

பாய் விரலால் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். "இருபத்தி நாலு சுமங்கலிய உள்ள உக்கார வெச்சிட்டு" என்றார், "நீ கீழ நின்னு என் நாக்குக்கு அடியில பாக்கச் சொன்ன."

"அப்ப எனக்குத் தெரியாது பாய்."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. ரெண்டாவது தடவை ஓட்டினப்போ."

"சனிக்கெழம காலைல ஆ காட்னேனே. அப்பத் தெரியும்."

"தெரியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"மேடம் துரத்திடுவாங்கன்னு."

"துரத்துனா இன்னா? நீதான் தானா ஓடற ஆளாச்சே. நேத்து சாய்ங்காலம் பையத் தூக்கிக்கினு பஸ் ஸ்டாண்டுல நின்னத அக்கா பாத்துச்சி." அவர் குரலில் கிண்டல் போய்விட்டது. "என்கு அப்டி எங்கியும் போவ முடியாது நைனா. என்கு இந்த மில்லுதான் தெரியும்."

ஏணியிலிருந்து இறங்கி மாடிக்குப் போனேன். பதினாறு படி. எண்ணிக்கொண்டே போனேன், என்ன சொல்வது என்று யோசிக்காமல் இருப்பதற்காக.

மேடம் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உள்ளயா?"

"உள்ளதான் மேடம்."

"உள்ள வைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"ஒண்ணு விடாமன்னு சொன்னீங்க."

அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். என்னவென்று திட்டுவது? சாமி காரியத்தைக் குறைவாகச் செய்ததற்குத் திட்டலாம், அதிகமாகச் செய்ததற்கு அவருக்குத் திட்டிப் பழக்கமில்லை. கடைசியில், "ஆத்துல கிரைண்டருக்கு வைக்கறச்சே நான் என்ன, குழவிக்கு அடியிலயா கொண்டு போய் வைக்கறேன்?" என்றார்.

"உங்க வீட்டு கிரைண்டரை நான் பார்த்ததில்லை மேடம்."

அவர் எழுந்துகொண்டார். "பாய் எங்க?"

"கீழ. ஏணி மேல."

படி இறங்கினார். நான் பின்னால் போனேன். கீழே அக்காவுக்குச் செய்தி தெரிந்துவிட்டிருந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் மேடத்தைப் பார்த்து எழுந்தார். பாய் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

மேடம் கதவு வழியாகச் சக்கரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "நான் உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன் பாய்" என்றார்.

பாய் தரையைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்வார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அக்காவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. "இன்னா பாய் இப்பிடி நிக்கற? ஒரு வாட்டி மேடத்த ஆ காட்டச் சொல்லு, சரியாப் பூடும்" என்றார். சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் அக்காவைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு, எங்கள் முதலாளி, காலேஜில் தங்க மெடல் வாங்கினவர், கம்ப்ரஸருக்கும் மில்லுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "ஆ" என்று வாயைத் திறந்தார். நன்றாகவே திறந்தார். கடைவாய்ப் பல்லில் தங்கம் கட்டியிருந்தது தெரிந்தது.

பாய் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அரே, வேணாம் மேடம். மூடுங்க மேடம். மூடுங்க." தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்ன என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், பவுடர் ஈரத்தில் கோடு கோடாக இருந்தது.

"சக்கரத்தக் கழட்டணும் மேடம்" என்றார். "இன்னிக்கி ஓட்ட முடியாது. புதங்கெழம சரக்கு ரெடியாயிடும்."

"நீங்கதானே ஓட்டறேள்?"

"வேற ஆரு?"

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பாய் சக்கரத்தைக் கழற்றி ஒரு சாக்கின்மேல் வைத்து, ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். இருபத்து நான்கு தகடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், நடுத்தண்டு தனி. சந்தனம் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. திங்கள் முழுதும் தேய்த்தேன். ஒவ்வொரு தகடும் முடிந்ததும் அவர் சக்கரத்தை வாங்கி, அந்தத் தகட்டை வெளிச்சத்தில் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். ஆறு தகட்டை இரண்டு தடவை தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை ஓட்டினார். மேடம் எண்ணெய் விட்டார். வெள்ளை. புதன்கிழமை தியாகராய நகர் ஆள் வந்து, மணிக்கட்டில் தடவிப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் எட்டு மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மேடம் அட்டையில் ஒரு வரி சேர்த்தார். அக்கா எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்: பூஜைப் பொருட்கள் மில்லுக்கு வெளியே மட்டும்.

பாய் என்னிடம் பேசவில்லை. மில் ஓடும்போது சைகை மட்டும், அதுவும் வேலைக்கான சைகை. சாப்பாட்டு நேரத்தில் அக்காவோடு உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி அக்காவிடம் பேசுவார். அப்படி மூன்று வாரம். ஒரு நாள் காலையில் மில்லைக் கிளப்புவதற்கு முன்னால், காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"எப்ப கெளம்பற?"

"எங்க?"

"எங்கியோ. ஒன்ற வருசத்துக்கு மேல நிக்க மாட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே. ஆவப்போவுது."

நான் கணக்குப் பார்த்திருக்கவில்லை. "தெரியல பாய்."

"போறன்னைக்கு முன்னாடியே சொல்லு. ஒழுங்கா ஒப்படைச்சிட்டுப் போவணும்."

"என்கிட்ட என்ன இருக்கு ஒப்படைக்க?"

"தொடப்பம்" என்றார் பாய். காது மூடியை மாட்டிக்கொண்டு பச்சை சுவிட்சை அழுத்தினார். நான் பதில் சொன்னேனா இல்லையா என்பது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.